குளிர்காலத்து அரை ஆள்

உட்காருங்கள் அம்மிணி. அந்த நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது, இதில் உட்காருங்கள். அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் விட்டுவிடுவோம், அவர்களுக்கு வெயில் பிடிக்கும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் இங்கிலீஷில் சொல்வீர்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அப்படித்தானே? கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. உங்கள் பேர் லத்தீஃபா, ஊர் மேல்விஷாரம் என்று சொன்னீர்களே, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அந்தப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் எங்கள் சந்தைக்கு வருவார்கள். சொன்ன சொல் மாற மாட்டார்கள்.

இரண்டு விஷயம் கேட்டீர்கள். குழந்தையை அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பது ஒன்று. நீச்சல்குளத்து வேலியில் கெட்டுப்போயிருந்த தாழ்ப்பாளைச் சரிபண்ணியாகிவிட்டதா என்பது இன்னொன்று.

தாழ்ப்பாளை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கெட்டுப்போகவில்லை. நல்ல தாழ்ப்பாள், ஸ்பிரிங் வைத்தது. கதவைத் திறந்து கையை விட்டால் தானாக வந்து விழும். மகன் வீட்டில் நான் இருக்கிற காலமெல்லாம் காலையில் பல் விளக்கினதும் முதல் வேலையாக அதை இழுத்துப் பார்ப்பேன். என் மகன் அது தன் தப்பு என்று நினைத்து மருகுகிறான். புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டியிருக்கிறான். வீண் வேலை, பழையதே போதும். அன்றைக்கு மட்டும் அது ஏன் விழவில்லை என்று சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும். உங்களுக்கு அவசரம் இல்லையே? எனக்கு இல்லை. எனக்கு அசதிதான் இருக்கிறது.

என் பேர் நஞ்சுண்டன். அந்தியூர்ப் பக்கம் மாட்டுத் தரகன். மூன்றாவது வரைக்கும் படித்தேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். விற்கிறவன் முகத்தையும் பார்த்து, வாங்குகிறவன் முகத்தையும் பார்த்து, இரண்டையும் நம்பாமல் இருந்தால்தான் அதில் சோறு. என் மகன் நெடுஞ்செழியன் இங்கே படிக்க வந்து, எண்ணெய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், சுகர் லேண்டில் வீடு வாங்கினான். மருமகள் பிரியாவும் வேலைக்குப் போகிறாள். குழந்தை வான்மதி பிறந்தபோது அதை டே கேரில் விட இரண்டு பேருக்கும் மனசில்லை. அதனால் ஆறு மாசம் நான் வருவேன். என் விசா முடிகிற சமயத்தில் பிரியாவின் அப்பா, என் சம்பந்தி சுவாமிநாதன், ஈரோட்டிலிருந்து வருவார். அவர் ஆறு மாசம். மறுபடி நான். எங்கள் இரண்டு பேருக்குமே வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள், தனி ஆட்கள், கூப்பிட்டால் கிளம்பி வரலாம். உங்களுக்கே தெரியும், நம் ஆட்கள் வீட்டில் இது சகஜம். ஒரே காரில் ஒருவரை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றிக்கொண்டு வந்ததும் உண்டு. நான் வந்து படுக்கும்போது தலையணையில் அவருடைய எண்ணெய் வாசனை இருக்கும்.

மூன்று வருஷம் இப்படியே போனது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெரிய வைத்தது பேஸ்பால்தான்.

என் மகனுக்கு அந்த ஆட்டம் என்றால் பைத்தியம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், இங்கே வந்து இதைப் பிடித்துக்கொண்டான். குளிர்காலத்தில் நிஜ ஆட்டம் கிடையாது. அப்போது சீட்டும் பகடையும் வைத்து ஆடுவார்கள். போன வருஷம் நிஜமாக ஆடின ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் இரண்டு பத்தி. பந்து போடுகிறவன் இடது கைக்காரன் என்றால் ஒரு பத்தியைப் பார்க்க வேண்டும், வலது கைக்காரன் என்றால் மற்றதை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நேரே என்ன போட்டிருக்கிறதோ அது நடந்ததாகக் கணக்கு. யாரும் ஓட வேண்டியதில்லை, வேர்க்க வேண்டியதில்லை. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று மேனேஜர் முடிவு செய்வார், அவ்வளவுதான் ஆட்டமே.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நடக்கும். மகனோடு வேலை பார்க்கிற தாரிக் வருவான், பக்கத்து ஊர் கேட்டியிலிருந்து வெங்கடகிருஷ்ணன் வருவான். என் கை ராசியான கை என்று சொல்லிப் பகடையை என்னிடம் கொடுப்பார்கள். நான் உருட்டுவேன், குழந்தை என் மடியில் இருக்கும். ஒரு நாள் என் மகன், நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒருவனுடைய சீட்டை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தான்.

"ஏன்டா, அவன் போன ஆட்டத்துல நல்லாத்தான அடிச்சான்?" என்று கேட்டேன்.

"அப்பா, போன ஆட்டத்துல பந்து போட்டவன் ரைட் ஹேண்டர். இன்னைக்கு தாரிக் லெஃப்டியப் போடறான். அவனும் லெஃப்டி. லெஃப்டிக்கு லெஃப்டி அடிக்க வராது. அதான் அவனுக்குப் பதிலா இவன்."

"நாளைக்கு?"

"நாளைக்கு ரைட் ஹேண்டர் வந்தா மறுபடி அவன். ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கு மாத்தி மாத்தி. பிளாட்டூன்னு சொல்வாங்க."

இது எனக்குப் புதிது இல்லை. வண்டியில் இடப்பக்கம் பழகின மாட்டை வலப்பக்கம் பூட்டினால் அது இழுக்காது. அதனால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேறு ஒன்று தோன்றியது, கேட்டேன்.

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு ஆளா?"

"ஆமாப்பா."

"அது அந்த ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"எது?"

"தான் அரை ஆளுன்னு."

தாரிக் விழுந்து விழுந்து சிரித்தான். "அங்கிள், இது நல்ல பாயின்ட்டு. நெடு, உன் டீமுல இருக்கறவனெல்லாம் யூனியன் வெக்கப் போறான் பாரு."

"அரை ஆள்லயும் சரிபாதி கெடயாது அங்கிள்" என்றான் வெங்கடகிருஷ்ணன். "பந்து போடறவங்கள்ல ரைட் ஹேண்டர்தான் ஜாஸ்தி. அதனால அடிக்கற லெஃப்டிக்குத்தான் நெறைய நாள் சான்ஸ் கெடைக்கும். இன்னொருத்தன் சும்மா உக்காந்து சூயிங் கம் மென்னுட்டு இருக்கணும்."

குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

நான் வருவது நவம்பரில். போவது மே மாசம். குழந்தைக்குக் காது வலி, சளி, ராத்திரி இருமல், மருந்தைத் துப்புவது, எல்லாம் அந்த மாசங்களில்தான். மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றுகிற கை என்னுடைய கை. சம்பந்தி வந்தால் பார்க், ஐஸ் குச்சி, தண்ணீர்த் தொட்டி, ஆகஸ்டில் பிறந்தநாள். நிஜ பேஸ்பால் ஆட்டம் அவருடைய மாசங்களில்தான். கூரை போட்ட அந்தப் பெரிய மைதானத்துக்கு அவரை மூன்று தடவை கூட்டிப்போயிருக்கிறார்கள். தொப்பி போட்டுக்கொண்டு குழந்தையைத் தோளில் வைத்திருக்கிற படம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும். ஒரு பந்து நிஜமாகப் பறந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சீட்டும் பகடையும்தான். குழந்தை அவரைச் சாமித் தாத்தா என்று கூப்பிடும். என்னை மூ தாத்தா என்னும், மாட்டுக்காரன் என்பதால்; இங்கே மாடு மூ என்றுதான் கத்துமாம். நான் வந்து இறங்கினதும் முதல் சில நாள் கதவுக்குப் பின்னால் நின்று, "நாட் யூ. சாமித் தாத்தா" என்று சொல்லும்.

நான் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பாதி யாருக்கு என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

பகடை ஆட்டத்தில் இன்னொரு விஷயமும் கற்றுக்கொண்டேன், அதையும் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பேஸ்பாலில் வெளியே எடுத்தவனை அன்றைக்குத் திரும்ப இறக்க முடியாது. பெஞ்சில் ஒரு நல்ல ஆளை வைத்திருப்பார்கள், நெருக்கடியில் இறக்குவதற்கு. என் மகன் ஒரு தடவை அவசரப்பட்டு அவன் பேரைச் சொல்லிவிட்டான். உடனே தாரிக் பந்து போடுகிறவனை மாற்றி ஒரு இடது கைக்காரனைக் கொண்டுவந்தான். இவனும் இடது கைக்காரன், இனி நிறுத்திப் பிரயோஜனம் இல்லை என்று என் மகன் அவனை எடுத்துவிட்டு வேறொருவனைப் போட்டான். பேர் சொன்னதாலேயே அவன் ஆடினதாகக் கணக்கு. ஒரு பந்தைக்கூடப் பார்க்காமல் அவன் கதை முடிந்தது.

"பிரியாணி வேகறதுக்கு முன்னாடியே தம்மைப் பிரிச்சிட்டாரு அங்கிள் உங்க பையன்" என்றான் தாரிக்.

ஆளை எப்போது இறக்குவது என்பதுதான் எல்லாமே. ஒரு நொடி முன்னால் போனாலும் வீண்.

இந்த வருஷம் ஏப்ரலில் நான் துணி காயவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் சாக்ஸுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். மகனும் மருமகளும் சமையலறையில் பேசினார்கள். நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல? சிக்ஸ் மந்த்ஸுக்கு ஒரு தடவ ஆள் மாறினா மதி ரொம்ப அப்செட் ஆகறா" என்றாள் பிரியா.

"அப்ப ஒருத்தரே பர்மனன்ட்டா இருக்கட்டும். நமக்குதான் சிட்டிசன்ஷிப் வந்தாச்சே, கிரீன் கார்டு அப்ளை பண்ணிரலாம்."

"யாருக்கு? அத நீங்களே சொல்லுங்க. எங்கப்பாவ நான் கொண்டாந்து வெச்சிக்கிட்டேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

என் மகன் சிரித்தான். "உங்கப்பாதான் எவ்ரிடே பிளேயர். எங்கப்பாவ பெஞ்சுல வெச்சிக்கலாம். தேவப்பட்டா கூப்ட்டுக்கலாம்."

"மாமா ஏதாவது நெனச்சிக்கப் போறாரு."

"அவரா? அவருக்கு ஊர்ல இருந்தாதான் நிம்மதி."

ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதே இல்லை. பூட்டின வீடு, மெஸ்காரன் தூக்கில் வைத்துவிட்டுப் போகிற சோறு, ராத்திரி ஒரு ஆளுக்காகப் பேசிக்கொண்டிருக்கிற டிவி. எனக்குக் கோபம் வரவில்லை. மேனேஜர் முடிவு செய்துவிட்டால் ஆட்டக்காரன் மேனேஜரோடு சண்டை போட முடியாது. சாக்ஸை மடித்து அடுக்கிவிட்டு எழுந்தேன்.

ஆனால் யோசனை நிற்கவில்லை. தினமும் ஆடுகிறவனை மேனேஜர் எப்போது மாற்றுவார்? அவன் காயம்பட்டால் மாற்றுவார். சம்பந்திக்குக் காயம் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இல்லையென்றால் அவன் கையில் வந்த பந்தைத் தவறவிட வேண்டும். அதையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி தவறவிட வேண்டும். யாரும் பார்க்காத தப்பு தப்பே இல்லை, அதைக் கணக்கில் ஏற்ற மாட்டார்கள்.

மே மாசம் சம்பந்தி வந்தார். எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டாகிவிட்டது. இடையில் கொஞ்ச நாள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தோம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, எளச்சுப் போயிட்டீங்களே? இங்க குளிரு உங்களுக்கு ஒத்துக்கல."

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்."

"நீங்க இருக்கற தைரியத்துலதானுங்க நான் ஊர்ல நிம்மதியாத் தூங்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கிரீன் கார்டு விஷயத்தப் பிரியா சொல்லுச்சு. நீங்க மட்டும் எதுக்குங்க ஊருக்குப் போகோணும்? மாப்பிள்ள உங்களுக்கும் போட்டு வாங்கட்டும். ரூமுல ரெண்டு கட்டில் போட்டா தீந்துது. நான் பிரியாகிட்டப் பேசறேன்."

அவர் உண்மையாகவே சொல்லியிருக்கலாம். இப்போது, ராத்திரி தூக்கம் வராதபோது, உண்மையாகத்தான் சொன்னார் என்று தோன்றுகிறது. ஆனால் சந்தையில் எதிராளி தானாக வந்து விலையை ஏற்றிக் கொடுத்தால் மாட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அந்த இடத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டும். நான் அப்படித்தான் பிழைத்தேன். "பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னேன்.

சம்பந்தியிடம் ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் குழந்தைக்குத் தயிர்சாதம் ஊட்டிவிட்டு, பின்பக்கம் கண்ணாடிக் கதவு இருக்கிற ஹாலில் சாய்வு நாற்காலியில் படுத்து அதற்குக் கதை சொல்வார். கதை பாதியிலேயே நிற்கும். குழந்தைக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார். குழந்தை அவர் வயிற்றிலிருந்து இறங்கி விளையாடப் போகும். கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியும் அதற்கு. கொல்லையில் சுற்றிவிட்டு வரும். வேலிக் கதவைப் போய் ஆட்டிப் பார்க்கும், தாழ்ப்பாள் உயரத்தில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. இதெல்லாம் வழக்கம். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் தூங்கிவிடுகிறார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்னைத்தான் பொறாமைக்காரன் என்பார்கள்.

பிரியா புதன்கிழமைகளில் சீக்கிரம் வந்துவிடுவாள். காரைக் கராஜில் விட்டுவிட்டு நேரே சமையலறைக்குள் வருவாள். அங்கே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னலில் பார்த்தால் நீச்சல்குளம் தெரியும். ஆகவே என் யோசனை இவ்வளவுதான். அவள் வந்து பார்க்கும்போது வேலிக்கதவு திறந்திருக்க வேண்டும், குழந்தை தண்ணீர் ஓரம் நிற்க வேண்டும், அவளுடைய அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவள் கத்துவாள். நான் மாடியிலிருந்து ஓடிவந்து குழந்தையைத் தூக்குவேன். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. யாரை வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே மறுபடி பேசுவார்கள்.

அந்தப் புதன்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தை தின்று போட்ட ஐஸ் குச்சியை எடுத்தேன். தாழ்ப்பாள் நாக்கு விழுகிற ஓட்டையில் அதை ஒடித்துச் செருகினேன். கதவு சாத்தினது போலவே நிற்கும், தள்ளினால் திறக்கும். அதைத்தான் நீங்கள் கெட்டுப்போன தாழ்ப்பாள் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

சொல்லுங்கள் அம்மிணி. நிறுத்திவிட்டீர்களே. குச்சியைச் சொன்னீர்களா? அவர்கள் முகத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி தெரியவில்லை. சரி, இப்போது சொல்லுங்கள், நான் இருக்கிறேன்.

பெட்டி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கீழே சம்பந்தியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ராஜா வேட்டைக்குப் போகிற இடத்தில் கதை நின்றது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வெளியே வந்தது. மஞ்சள் கவுன். கையில் பிளாஸ்டிக் வாத்து. நேரே வேலிக் கதவுக்குப் போய்த் தள்ளியது. திறந்ததும் அதற்கே ஆச்சரியம். திரும்பி வீட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்திருக்க முடியாது, கண்ணாடியில் வெயில் அடித்தது.

உள்ளே போய்க் குளத்து ஓரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வாத்தைத் தண்ணீரில் விட்டது. நான் தெருவைக் காது கொடுத்துக் கேட்டேன். பிரியாவின் கார் வருகிற நேரம்தான். வாத்து நகர்ந்து போனது. குழந்தை கையை நீட்டியது. பிறகு அது ஓரத்தில் இல்லை.

சத்தமே இல்லை அம்மிணி. சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்து நின்றேன். அதை மறக்காமல் சொல்லுங்கள், நான் எழுந்து நின்றேன். மாடிப்படி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இப்போது இறங்கினால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? நான் குழந்தையைத் தூக்குவேன். அது இருமித் தண்ணீரைக் கக்கும். சம்பந்தி விழித்துக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். பிரியாகிட்டச் சொல்லிடாதீங்க சம்பந்தி என்று அழுவார். பெரிய மனுஷர் அழுதால் நானும் சரி என்றுதான் சொல்ல முடியும். சாயங்காலம் குழந்தைக்கு வேறு கவுன் போட்டிருப்போம். யாருக்கும் எதுவும் தெரியாது. நான் திட்டப்படி விமானம் ஏறுவேன். கையில் இருந்த ஒரே ஆளை இறக்கிவிட்டு, ஒரு பந்துகூடப் பார்க்காமல் ஆட்டத்தை விட்டதாகிவிடும்.

கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கட்டும், அந்த நொடியே ஓடலாம் என்று நின்றேன். எந்தப் புதன்கிழமையும் அவள் தாமதித்ததில்லை. அன்றைக்கு ஃப்ரீவேயில் ஒரு லாரி கவிழ்ந்து இரண்டு லேனை அடைத்துவிட்டார்களாம். பிறகுதான் சொன்னார்கள். அதை நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கியது. பிறகு நின்றுவிட்டது. குளத்துக்கு அடியில் சுத்தம் பண்ணுகிற மெஷின் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. கவுன் விரிந்து நன்றாகத் தெரிந்தது.

கராஜ் கதவு திறந்தது. நான் ஓடினேன். என் வயசில் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. பிரியா ஜன்னலில் பார்த்துக் கத்தும்போது நான் வேட்டியோடு தண்ணீருக்குள் இருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து குழந்தையின் நெஞ்சை அமுக்கி மூச்சை வரவழைத்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். மூச்சு வந்தது, ஆனால் அதற்குப் பிறகு குழந்தை யாரையும் பார்க்கவில்லை. மூன்று மாசம் ஆகிவிட்டது, குழாய் வழியாகத்தான் சாப்பாடு, இது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

சம்பந்தி போலீஸ்காரர் கேட்கும் முன்னாலேயே, "நான் தூங்கிட்டேன் பிரியா, நான் தூங்கிட்டேன்" என்று சொன்னார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டால்கூட அதைத்தான் சொன்னார். பிரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். என்னுடைய டிக்கெட்டில் தேதியும் பேரும் மாற்ற முடியாது என்று அவருக்குப் புதிதாக எடுத்தார்கள். என் விசாவை நீட்டிக்க எழுதிப் போட்டு என்னை இருக்கச் சொன்னார்கள். பிரியா என் காலில் விழுந்தாள். "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா என் கொழந்த இந்த அளவுக்குக்கூட இருக்காது" என்றாள். நான் அவளை எழுப்பி உட்கார வைத்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தூக்கினது நான்தானே.

அதிலிருந்து நான் குழந்தையை விட்டு நகரவில்லை. நர்ஸுகளைக் கேட்டுப் பாருங்கள். திரும்பிப் படுக்க வைப்பது, வாயைத் துடைப்பது, குழாயைக் கழுவுவது எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது அது என்னைப் பார்த்து நாட் யூ என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவே வேண்டாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் நேற்று பிரியா ஈரோட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சம்பந்தி அழுதுகொண்டே கதை சொன்னார், அதே ராஜா கதை. குழந்தை தலையை அந்தப் பக்கம் திருப்பியது. நர்ஸும் பார்த்தாள். உடனே பிரியா, அப்பா மேல என்ன தப்பு, தாழ்ப்பாள் கெட்டிருந்தா அவர் என்ன பண்ணுவாரு, யாருக்கும் கண்ணசரத்தான செய்யும், அவர வரச்சொல்லிரலாம் என்கிறாள். என் மகனும் தலையை ஆட்டுகிறான். இந்த அம்மாவும் அது நல்லது என்கிறார்களாம். நீங்களே சொன்னீர்கள்.

அதனால்தான் தாழ்ப்பாளைச் சொன்னேன். தாழ்ப்பாள் மேல் பழியைப் போட்டு அவரைக் காப்பாற்ற வேண்டாம். நான் செய்தது எது, அவர் செய்தது எது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. குச்சியை வைத்தது நான். இறங்காமல் நின்றது நான். ஆனால் பக்கத்தில் இருக்க வேண்டியவர் தூங்கினாரா இல்லையா? எழுதுகிற அம்மாவைக் கேளுங்கள், அப்படிப்பட்டவரிடம் இந்தக் குழந்தையை மறுபடி எப்படி விடுவது? கத்திக் கூப்பிடக்கூட முடியாத குழந்தை. நொடிக்கு நொடி பார்க்க வேண்டும்.

அழாதீர்கள் அம்மிணி, எழுதி முடிக்கட்டும். அவர் நல்லவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பகலில் கண்ணசருகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குக்கூட, குழந்தை விழுந்ததிலிருந்து கராஜ் கதவு திறக்கிற வரைக்கும், நான் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.